தாயாக நடித்தவளின் குரல்

"நாடகத்திலை அந்தப் பொடியன் விட்ட பிழை ஒண்டையும் நான் விடேல்லை. அதாலைதான் உயிரோடை இஞ்சை இருக்கிறன்."

அந்த மனிதர் இதைச் சொன்னபோது என் கையில் இருந்த கேள்வித்தாளில் இப்படியொரு பதிலை எழுத இடம் இருக்கவில்லை. மூன்று பெட்டிகள்தான் இருந்தன. நாடகம் பார்த்த பிறகு புறப்படும் எண்ணம் கூடியதா, குறைந்ததா, மாறவில்லையா.

அவர் காம்பியா நாட்டுக்காரர். இத்தாலியில், பலேர்மோ நகரத்து மரக்கறிக் களஞ்சியம் ஒன்றில் பெட்டிகள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினார். ஆனால் யார் எந்த மொழியில் பேசினாலும் பிறகு நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அது வன்னித் தமிழாகத்தான் கேட்கும். ஆகையால் இங்கே எல்லோரும் அப்படியே பேசட்டும்.

என் வேலையை முதலில் சொல்லவேண்டும். போர் முடிந்த சில வருடங்களில், முன்னரே இங்கு வந்திருந்த அப்பாவிடம் வந்து சேர்ந்தேன். நெடுங்காலம் வீடுகள் துப்புரவாக்கினேன். பிறகு, புதிதாக வருபவர்களுக்கு மொழிபெயர்த்து உதவும் பயிற்சி ஒன்றை முடித்தேன். நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் ஒரு சிறிய அலுவலகம் என்னை ஒப்பந்தத்தில் எடுத்தது. மற்ற அமைப்புகள் செய்த திட்டங்களால் மக்களுக்கு என்ன பயன் கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொடுப்பது அவர்களுடைய தொழில்.

எனக்கு வந்தது நாடகத் திட்டம். காம்பியாவில் ஆற்றங்கரைக் கிராமங்களில் ஒரு குழு ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டிருந்தது. ஓர் இளைஞன் பாலைவனத்தாலும் கடலாலும் இத்தாலிக்குப் புறப்படுகிறான். வழியில் சாகிறான். கடைசிக் காட்சியில் தாய்க்குத் தொலைபேசி வருகிறது. நாடகம் முடிந்ததும் பார்வையாளர்கள் எழுந்து வந்து, எந்த இடத்தில் யார் வேறு விதமாக நடந்திருக்கலாம் என்று தாங்களே நடித்துக் காட்டலாம். ஆபத்தை அறிந்தால் மக்கள் யோசித்து முடிவெடுப்பார்கள் என்பது திட்டம். அங்கே ஊர்களில் வேறு ஆட்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாடகத்தைப் பார்த்தும் புறப்பட்டு வந்தவர்களைப் பலேர்மோவில் தேடிப் பிடித்து, ஏன் வந்தீர்கள் என்று கேட்பது என் பங்கு.

மரக்கறிக் களஞ்சியத்துக்காரர் அந்த நாடகத்தை மூன்று தடவை பார்த்திருந்தார். பக்கத்து ஊர்களுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்.

"அவன் தண்ணிக் கானை றைவரிட்டைக் குடுத்தான். நான் மடியிலை வைச்சிருந்தன். அவன் லொறியின்ரை ஓரத்திலை இருந்து விழுந்தான். நான் நடுவிலை இருந்தன். அவன் வீட்டு நம்பரைப் போனிலை மட்டும் வைச்சிருந்தான், போன் பறிபட்டிட்டுது. நான் நம்பரைத் துணியிலை எழுதி இடுப்புப் பட்டிக்குள்ளை தைச்சன்."

"அப்ப நாடகம் உங்களை மறிக்கேல்லையா?"

"மறிக்கிறதுக்கே போட்டவை?" என்று உண்மையான வியப்போடு கேட்டார்.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பெண்மணி. இங்கே படித்த பெண்களை அழைக்கும் வழக்கப்படி எல்லோரும் அவரைத் தொத்தொரேஸ்ஸா என்றார்கள். பக்கத்து ஊரான பகேரியாவில் தன் தாயோடு இருந்தார். தினமும் ரயிலில் வந்து போவார். அவர் கெட்டவர் அல்ல. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் எழுதியதை இரண்டு தடவை வாசித்தார்.

"இது எந்தப் பெட்டிக்குள்ளை வரும்?"

"ஒண்டுக்குள்ளையும் வராது, தொத்தொரேஸ்ஸா."

"அப்ப பேப்பரின்ரை பின்பக்கத்திலை எழுதுங்கோ. முழுக்க எழுதுங்கோ."

அடுத்து நான் கண்ட இருவரும் கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். எனக்குப் பயம் பிடித்தது. ஆபத்தைச் சொல்வதற்காகப் போட்ட நாடகத்தை வழித்துணைக் கையேடாக அல்லவா இவர்கள் படித்திருக்கிறார்கள்! அவர்கள் உயிரோடு இருப்பதும் அந்த நாடகத்தால்தான். நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

களஞ்சியத்துக்காரர் பிறகொரு நாள் தெருவில் கண்டு என்னை நிறுத்தினார். "நாடகத்திலை தாயா நடிச்ச மனிசியும் இஞ்சைதான் இருக்கிறா. ஹோட்டல் சலவையிலை வேலை. அவவைக் கேளுங்கோ."

அந்தப் பெண் என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். மூன்றாம் தடவை, அலுவலகத்துக்கு வரமாட்டேன், உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றாள். வுச்சீரியாச் சந்தைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. ஒரு ஞாயிறு முற்பகல் வந்தாள். என் வயதுதான் இருக்கும். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள். கணவர் உணவகச் சமையலறை வேலைக்குப் போயிருந்தார். கீழே சந்தைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் சமையலறை மேசையருகே கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

பதிவு செய்வதற்கு முன் சம்மதப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கவேண்டும். இரண்டு பக்கம். முதல் பக்கத்தை வரிக்கு வரி விளக்கினேன். உங்கள் பெயர் எங்கும் வராது, பிடிக்காவிட்டால் எப்போதும் நிறுத்தலாம் என்றேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியபோது அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்து, "மிச்சம் வழக்கமா எழுதுறதுகள்தான்" என்று சொன்னேன். அவள் கையெழுத்துப் போட்டாள். எல்லாவற்றையும் முழுமையாக விளக்கினேன் என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் பத்து நிமிடம் அவள் கேள்விகளுக்கு ஓம், இல்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"நீங்கள் ஊரிலை நாடகம் பாத்திருக்கிறியளோ? கேள்வி கேக்கிறதுக்காக இல்லாமல்?"

பார்த்திருந்தேன். அதை நான் என் கணவருக்குக்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பகல் வெளிச்சத்தில் நடந்த தெருநாடகம். மேடை இல்லை. நாங்கள் வட்டமாக இருந்தோம். முகத்தில் சேறு பூசிய ஒரு பெண் கடைசியில் எங்கள் முன்னால் வந்து நின்று, இயக்கத்தில் சேர நீங்கள் எப்போது வரப்போகிறீர்கள் என்று கேட்டாள். என் வகுப்பில் இரண்டு பேர் எழும்பி இயக்கத்தின் வாகனத்தை நோக்கி நடந்தார்கள். ஒருத்தி என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். நானும் எழும்பினேன். பின்னால் இருந்த அம்மா என் சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தது நடக்க முயன்றபோதுதான் தெரிந்தது. அந்த வாங்குக்காரியை நான் பிறகு காணவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்குச் சொன்னால் விளங்கும்" என்றாள்.

அவளுடைய கணவனின் அண்ணன் மகன் ஒருவன் இருந்தான். ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் வந்து இருப்பான். இரவில் அவள் வீட்டு முற்றத்துக்கு வந்து, அந்த லொறி எந்த ஊரிலிருந்து புறப்படும், அந்த இடத்தில் எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்றெல்லாம் கேட்பான். நாடகத்துக்காகக் குழுவினர், போய்த் திரும்பி வந்தவர்களிடம் விசாரித்து எழுதிய விவரங்கள் அவை. அவளும் சொன்னாள். கேட்டுப் பயந்துவிடுவான் என்று நினைத்தாள். ஒரு காலையில் அவன் வீட்டில் இல்லை. பாலைவனம் கடந்தான். வழியில் அடைத்து வைத்த சிறையிலும் தப்பினான். கடலில் மூழ்கிப் போய்விட்டான். நாடகத்தில் வருவதுபோலவே தொலைபேசியில்தான் செய்தி வந்தது.

"அவன்ரை தாய் எங்கடை முற்றத்திலை வந்து நிண்டா. எங்கடை வீட்டுச் சாவை நீ முதலே நடிச்சுக் காட்டினனி எண்டா. நான் என்ன சொல்லுறது? அவ அழுத மாதிரி எனக்கு நடிக்க வந்ததே இல்லை."

அந்த வீட்டார் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு பிள்ளை போனதற்கு ஒரு பிள்ளை. அவளுடைய பன்னிரண்டு வயது மகளை அந்த வீட்டு இளைய மகனுக்குக் கட்டிக்கொடுக்கவேண்டும். அண்ணன் தம்பி பிள்ளைகள் கட்டுவது அங்கே வழக்கம்தானாம். அவளுடைய கணவன் தலை குனிந்துகொண்டிருந்தான். கிழமை முடிவதற்குள் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடி, வேறொரு ஊரில் தன் அக்காவிடம் ஒப்படைத்தாள். திரும்பிப் போக அவளுக்கு வீடு இருக்கவில்லை.

"பிறகு நான் நடிச்ச வழியாலையே நானும் வந்தன்" என்றாள்.

அக்கா இருந்த ஊரின் பெயரைச் சொன்னாள். மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தையும் சொன்னாள். அவற்றை நான் இங்கேயும் எழுதமாட்டேன். அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது மேசையில் என் தொலைபேசி பதிவு செய்துகொண்டே இருந்தது. பதிவை நிறுத்தியதும் அது தானாகவே அலுவலகத்தின் கோப்புக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரம் தொத்தொரேஸ்ஸா காதில் கருவியை மாட்டி முழுவதையும் கேட்டார். கழற்றியபோது கண் கலங்கியிருந்தது.

"பாத்தவையை எல்லாம் கேட்டம். நடிச்சவைக்கு என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இந்தக் குரலிலை ஒரு பகுதியைத்தான் கூட்டத்திலை முதல் போடப்போறன்."

நிதி கொடுத்த அமைப்பினர் வருகிற கூட்டம் இரண்டு வாரம் கழித்து இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். நல்ல வேலை செய்துவிட்டேன் என்ற நினைப்போடு அன்றைக்குச் சந்தையில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை மதியம் அந்தப் பெண் தொலைபேசி எடுத்தாள். பின்னால் சலவை இயந்திரங்களின் இரைச்சல்.

"தலைவர் இத்தாலிக்கு வாறாராம். அக்கா இப்பதான் சொன்னா. உங்கடை கூட்டத்துக்கே?"

"எந்தத் தலைவர்?"

"எங்கடை நாடகக் குழுத் தலைவர். என்ரை மனிசன்ரை சொந்தக்காரர். செத்த பொடியனுக்கும் சொந்தம். அதே ஊர்." ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "என்ரை குரலை அவர் கேப்பாரோ?"

"இல்லை" என்றேன். "அலுவலகத்துக்கு வெளியிலை ஒருத்தரும் கேக்கேலாது."

சொல்லிவிட்டு வைத்தேன். அதன் பிறகுதான் மின்னஞ்சலைத் திறந்தேன். காலையில் தொத்தொரேஸ்ஸா தலைவருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி எனக்கும் வந்திருந்தது. வருவதற்கு முன் இந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு வாருங்கள், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று மரியாதையாக எழுதி, இணைப்பும் கொடுத்திருந்தார். பதிவு முழுதாக, வெட்டாமல் இருந்தது. சம்மதப் படிவத்தை எடுத்து அன்றைக்குத்தான் இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். பதிவுகளைத் திட்டத்தின் பங்காளிகளோடு பகிரலாம் என்று தெளிவாக இருந்தது. தலைவர் பங்காளிதானே. அலுவலகம் பிழை விடவில்லை. நான்தான்.

அந்த இணைப்பை மூட எனக்கு அனுமதி இருக்கவில்லை. தொத்தொரேஸ்ஸாவின் தொலைபேசி அணைந்திருந்தது. ஐந்து தடவை எடுத்தேன்.

மதிய வேலை முடித்து வந்த கணவர் நான் காலணி போடுவதைக் கண்டு வாசலிலேயே நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"இஞ்சேரும், உமக்கு என்ன விசரே? திங்கட்கிழமை குவெஸ்தூராவுக்குப் போகவேணும். பொய்யாக் கையெழுத்து வைச்சனான் எண்டு நீரே போய்ச் சொல்லப்போறீரோ? வேலை போனால் பெர்மெஸ்ஸோவுக்கு என்னத்தைக் காட்டுறது?"

குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க அந்த வேலை ஒப்பந்தம்தான் எங்களிடம் இருந்த நல்ல கடதாசி. அவர் சொன்னது சரிதான். மற்றக் காலணியையும் போட்டேன்.

"அது இன்னும் சின்னப் பிள்ளையப்பா. பள்ளிக்கூடத்தின்ரை பேரும் அதிலை இருக்கு."

அவர் வாசலை விட்டு விலகி நின்றார். உணவகத்தின் எண்ணெய் வாடை அவருடைய சட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ரெயின் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

நிலையத்துக்கு ஓடினேன். ஒரு ரயில் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததுக்குத் தாமதம் என்று பலகை காட்டியது. பஸ்ஸில் போகலாமா என்று யோசித்து வாசல்வரை போய், சனிக்கிழமை வாகன நெரிசலைப் பார்த்துத் திரும்பி வந்தேன். ரயில் மேடையில் நின்றபடி திரும்பத் திரும்ப அழைத்தேன். ரயில் வந்து, புறப்பட்டு, பாதி வழியில் காரணமில்லாமல் நின்றது. எதிரே இருந்த பெண் பையில் இருந்து கத்தரிக்காய்களை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தலைவர் எங்கோ ஒரு கதிரையில் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. கேட்பவரின் முகம் எனக்குத் தெரியாது. அதனால் மைதானத்தில் வாகனம் ஓட்டி வந்தவனின் முகத்தை அவருக்கு வைத்தேன்.

பகேரியாவில் அந்த வீட்டுக்கு முன்பு ஒரு தடவை கடதாசி கொடுக்கப் போயிருந்தேன். மணியை அடித்தேன். நெடுநேரம் கழித்துத் தொத்தொரேஸ்ஸா வீட்டு உடுப்போடு, தூக்கம் கலைந்த முகத்தோடு வந்து கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரயிலில் சொல்லிப் பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

"ரெண்டாம் பக்கத்தை நீங்கள் வாசிச்சுச் சொல்லேல்லையா?"

"இல்லை."

"விளக்கினன் எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறியள்."

"ஓம்."

அவர் முகம் இறுகியது. மடிகணினியைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் கிடந்த தோடம்பழத் தோல்களை ஒதுக்கிவிட்டு வைத்தார். அடுத்த அறையில் அவருடைய தாய், யார் வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். இணைப்பை மூடினார். பிறகு யார் யார் திறந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தார். நான் அவர் தோளுக்கு மேலால் பார்த்தேன்.

ஒரு தடவை திறக்கப்பட்டிருந்தது. நாற்பது நிமிடத்துக்கு முன். நான் ரயில் மேடையில் நின்ற நேரம்.

எவ்வளவு தூரம் கேட்டார் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. ஊரின் பெயர் பதிவின் பிற்பகுதியில் வருகிறது. பொறுமையாகக் கேட்பவர் என்றால் கேட்டிருப்பார்.

"அவவுக்கு இப்பவே சொல்லுங்கோ" என்றார் தொத்தொரேஸ்ஸா. "என்ரை முன்னாலை சொல்லுங்கோ."

அழைத்தேன். ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது, இரண்டாம் பக்கத்தை நான் வாசித்துச் சொல்லவில்லை, பதிவைத் தலைவர் திறந்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் பக்கத்திலிருந்து இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தம் மட்டும் வந்தது.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.

சொன்னேன். இணைப்பைத் துண்டித்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கு நான் அந்த ரயிலில் திரும்பி வந்தது கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஞாயிறு முழுவதும் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை குவெஸ்தூரா வாசலில் கணவரோடு வரிசையில் நின்றபோது ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'பிள்ளை இப்ப அங்கை இல்லை.' அவ்வளவுதான். சனி மாலையே அக்கா அவளை வேறெங்கோ கூட்டிப்போனாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கே என்று எனக்குச் சொல்லப்படவில்லை. சரியான முடிவு. கணவர் குறுஞ்செய்தியை எட்டிப் பார்த்தார். என் கையிலிருந்த கடதாசிக் கட்டை வாங்கித் தான் வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் இன்னும் செல்லுபடியாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

கூட்டம் கால்சாவில் திருத்திக் கட்டிய ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில் நடந்தது. கூரையில் ஓவியங்கள். யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரி கொடியில் போர்வைகளை விரித்துக்கொண்டிருந்தாள். தலைவர் நீண்ட நீல அங்கி அணிந்து வந்திருந்தார். உயரமானவர், முடி நரைத்தவர். எல்லோருக்கும் இரண்டு கையாலும் கைகொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அந்தக் கைகள் சூடாக இருந்தன. நான் அவருடைய கண்களையே பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

தொத்தொரேஸ்ஸா அந்தக் குரலைப் போடவில்லை. நடித்தவர்களைப் பாதுகாக்க இந்தத் திட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை, மதிப்பிட வந்த எங்கள் அலுவலகமும் ஒருவரை ஆபத்தில் தள்ளப் பார்த்தது என்று எழுந்து நின்று சொன்னார். என்னைக் காட்டவில்லை. எங்கள் அலுவலகம் என்றுதான் சொன்னார். நிதி கொடுத்தவர்களில் ஒருவர், தாடிக்காரர், பொறுமை இழந்தார்.

"அதெல்லாம் சரி. நாடகம் வேலை செய்ததா, இல்லையா?"

தொத்தொரேஸ்ஸா என்னைப் பார்த்தார். நான் எழும்பினேன்.

"வேலை செய்தது" என்றேன். "ஆனால் நீங்கள் நினைச்ச வேலையை இல்லை. பாத்த சிலர் தண்ணியை மடியிலை வைச்சிருக்கப் பழகினவை, அவை உயிரோடை இருக்கினம். ஒருத்தன் அதே நாடகத்தை நம்பிப் போய்ச் செத்தான். நடிச்ச ஒரு மனிசி வீட்டை இழந்தா. போகாமல் நிண்டவையை நான் காணேல்லை, அவையை இஞ்சை காணேலாது. இதிலை எதைக் கூட்டி எதைக் கழிக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

தாடிக்காரர் எதையோ எழுதினார். தலைவர் குனிந்து தன் அங்கியின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இடைவேளையில் அவர் என்னிடம் வந்தார். யன்னலோரம் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

"குரலைக் கேட்டன்" என்றார். "மூண்டு நிமிசம் இருக்கும். ஆரெண்டு தெரிஞ்சுது. நிப்பாட்டிப்போட்டன்."

"ஏன்?"

"மிச்சத்தைக் கேட்டால் எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சால் ஊரிலை என்னைக் கேப்பினம். பெரியவையின்ரை முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு வராது." பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை சுகமோ?" என்றார்.

"எனக்குத் தெரியாது."

"எங்கை எண்டும் தெரியாதோ?"

"தெரியாது."

அது உண்மை. வாழ்க்கையில் ஒரு விஷயம் தெரியாமல் இருந்ததற்கு நான் அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை. அவர் "நல்லது, அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லி, தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை சலவைக்கூடத்தின் வாசலில் காத்திருந்து இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஈரக் கைகளை உடுப்பில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மூண்டு நிமிசம் எண்டோ சொன்னவர்?"

"ஓம். உண்மையாத்தான் சொன்ன மாதிரி இருந்தது."

"அவர் நல்லா நடிப்பார்" என்றாள். "மூண்டு வருசம் அவரோடை நடிச்சனான்."

மகளை அவள் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பவில்லை. தலைவர் சொன்னது உண்மையா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. மகளின் பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒருவரும் தேடி வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அறிக்கை எழுதி முடிந்தது. நடித்தவர்களைப் பற்றித் தொத்தொரேஸ்ஸா தனி அத்தியாயமே எழுதினார். அந்தக் குழு அதற்குப் பிறகும் நாடகம் போட்டது. லொறியின் வழியையும் ஊர்ப் பெயர்களையும் நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் ஒப்பந்தம் முடிந்தபோது தொத்தொரேஸ்ஸா என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"நீங்கள் அண்டைக்குப் பகேரியாவுக்கு வராமல் விட்டிருக்கலாம். வந்தியள். அதை நான் மறக்கமாட்டன். ஆனால் சனத்திட்டைக் கேள்வி கேக்க உங்களை இனி அனுப்பேலாது."

முன்பு வேலை செய்த ஒரு சின்யோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் காலையில் துப்புரவு வேலை திரும்பக் கிடைத்தது. பின்னேரங்களில் கூப்பிடுகிற இடங்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறேன். என்ன கடதாசி என்றாலும் கடைசி வரிவரை வாசித்துச் சொல்கிறேன். சிலர் கொட்டாவி விடுவார்கள். விடட்டும்.

அந்தப் பெண்ணுக்குப் போன வருடம் வதிவிடக் கடதாசி கிடைத்தது. மகளை இங்கே கூப்பிட விண்ணப்பித்திருக்கிறாள். அலுவலகங்களுக்குப் போகும்போது சில வேளை என்னை வரச் சொல்வாள். நான் போவேன். காத்திருக்கும் இடத்தில் எனக்கும் தனக்கும் நடுவே ஒரு கதிரை இடைவெளி விட்டுத்தான் இருப்பாள். கடைசியாகப் போனபோது, மகள் இப்போது தன்னைவிட உயரமாகிவிட்டாளாம் என்று சொன்னாள். எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டதும் எழும்பி, கடதாசிகளை என் கையில் தந்தாள்.